விசிலக்கா அழித்த தடம்

கடற்கரைக்கு இறங்கும் படிக்கட்டின் பக்கத்தில் ஆளுயரத்துக்கு ஒரு பலகை இருக்கிறது. கடலாமைகள் முட்டையிட வரும் மாதங்களில் மணலில் கால் வைக்கிறவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஏழு வரிகளில், எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்படி படம் போட்டு விளக்கியிருக்கிறது. இருட்டிய பிறகு டார்ச் அடிக்காதீர்கள். தோண்டிய குழியை மூடிவிட்டுப் போங்கள். நாற்காலி, பாய், வலை எதையும் மணலில் விட்டுப் போகாதீர்கள். இப்படி ஏழு. அந்தப் பலகையால் இதுநாள் வரை விளைந்த ஒரே நன்மை, ஈரத் துண்டு காயப்போட வசதியாக இருக்கிறது என்பதுதான்.

அந்தத் துண்டுகளை உருவிப் போடுவதில்தான் விசிலக்காவின் காலை தொடங்கும். கழுத்தில் எந்நேரமும் தொங்கும் விசிலால் வந்த பேர் அது. சொந்தப் பேர் நகராட்சியின் சம்பளப் பட்டியலில் இருக்கிறது, அதைத் தாண்டி அது எங்கும் புழங்கியதில்லை. பதினொரு வருஷமாக ஒப்பந்தக் கடற்கரைக் காவலாளி. விடிகிற நேரத்துக்கு வந்து தண்ணீரோரமாக இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். இரவு ஆமை ஏறியிருந்தால் மணலில் தடம் கிடக்கும். அதைப் பிடித்துக்கொண்டே போய், முட்டையிட்ட இடத்தைக் கண்டுபிடித்து, நாலு குச்சி ஊன்றி, நாடா கட்டி, எண் எழுதி, ஆமைக் கணக்கெடுப்பு அதிகாரிக்குப் போன் போட வேண்டும். சாயங்காலம் நாலு மணிக்குத் திரும்ப வந்து, எட்டு மணி வரை மனிதர்களோடு மல்லுக்கட்ட வேண்டும். ஆமைகளால் அவளுக்கு ஒரு நாளும் தொந்தரவு வந்ததில்லை. வந்ததெல்லாம் மற்ற ஜாதியால்தான், இரண்டு காலில் நடக்கிற ஜாதி.

குழியையே எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் தோண்டுகிற குழி பரவாயில்லை, முழங்கால் ஆழம் வந்ததும் அலுத்துப்போய் ஐஸ்கிரீம் கேட்டு அழப் போய்விடும். தகப்பன்மார் தோண்டுகிற குழி இருக்கிறதே, அதுதான் ஆபத்து. வருஷம் முழுக்க அலுவலகத்தில் உட்கார்ந்து தேய்ந்த மனிதர்களுக்கு மணலைக் கண்டதும் என்ன வேகம் வருமோ, இடுப்பளவுக்குத் தோண்டிவிட்டுத்தான் நிமிர்வார்கள். முட்டையிட ஏறி வருகிற ஆமை அதில் குப்புற விழுந்தால் எழுந்திருக்க முடியாது. இதை அவள் ஒவ்வொருவரிடமும் சொல்வாள்.

"குழியை மூடிட்டுப் போங்க சார்."

"இல்லம்மா, மிச்சத்தை நாளைக்கு வந்து தோண்டலாம்னு இருக்கோம்."

அவள் மண்வெட்டியை எடுத்துத் தானே மூடுவாள். மூடி முடிக்கிறவரை அந்த மனிதர் பக்கத்தில் நின்று, தன் உழைப்பு வீணாவதைப் பார்த்து உச்சுக்கொட்டுவார்.

டார்ச் இன்னொரு தலைவலி. வெளிச்சம் பட்டால் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும், குஞ்சு பொரிந்து வருகிற நேரத்தில் அடித்தால் அவை கடலை விட்டுவிட்டு வெளிச்சத்தைப் பார்த்து ஓடும். தொண்டைத் தண்ணீர் வற்ற இதைச் சொன்னால், "டார்ச் அடிக்கலன்னா ஆமை எப்படிம்மா எங்க கண்ணுக்குத் தெரியும்?" என்று கேட்பார்கள். கேட்கிற முகத்தில் கள்ளமே இருக்காது. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பும்.

இதில் வேடிக்கை, டார்ச் அடித்தே பதினாறு வருஷம் சம்பளம் வாங்கியவள் அவள். ஒரு சினிமா தியேட்டரில், படம் தொடங்கிய பிறகு வருகிறவர்களுக்கு வெளிச்சம் காட்டி இருக்கையில் உட்கார வைக்கிற வேலை. தியேட்டரை இடித்துக் கார் நிறுத்துமிடம் ஆக்கினார்கள், இவள் மணலுக்கு வந்தாள். இருட்டில் முகம் தெரியாதவர்களை அதட்டுகிற குரல் மட்டும் அங்கிருந்து கூடவே வந்தது. "அந்தக் குரலுக்குத்தான் வேலை குடுத்தாங்க. கூட வந்த ஆளையும் சேத்துக்கிட்டாங்க" என்று அவள் வீட்டுக்காரர் சொல்வார்.

வீட்டுக்காரர் தையல்காரர். கடற்கரைத் தெருவிலேயே இரண்டாவது மாடியில் இரண்டு அறை, முன்னறையில் ஜன்னலோரமாகத் தையல் மிஷின். மகள் வேலை கிடைத்து வேறு ஊரில் இருக்கிறாள். அந்த ஜன்னல் கடலைப் பார்த்தது என்பதால் அதற்கு இரட்டைக் கறுப்புத் துணியில் திரை. மாடிப்படி விளக்கையும் அவள் விடவில்லை, கடல் பக்கம் வெளிச்சம் போகாதபடி தகரத்தை வளைத்து மூடிவிட்டாள். மூடிய மறுவாரம் கீழ்வீட்டுக்காரர் படி தெரியாமல் விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொண்டார். விசாரிக்கப் போன இடத்தில், "பாத்து வரக் கூடாதா?" என்று அவரையே கேட்டுவிட்டு வந்தவள் விசிலக்கா. தவறு என்று ஒன்று நடந்தால் அது எப்போதும் அடுத்தவருடையதாகத்தான் இருக்கும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. பதினொரு வருஷ அனுபவமும் அப்படித்தான் சொன்னது.

இப்படிப்பட்டவளுக்குக் கடற்கரையில் ஒரே ஒரு சரிசமமான எதிரி உண்டு. குடைக்காரர். பெரிய குடைகளும் சாய்வு நாற்காலிகளும் வாடகைக்கு விடுகிறவர். தண்ணீரைப் பார்த்த முன்வரிசையில் பன்னிரண்டு குடை போடலாம் என்று நகராட்சி கொடுத்த உரிமம் அவரிடம் இருந்தது. குடைக் கம்பு ஒவ்வொன்றும் இரும்பு, காற்றுக்கு அசையாமல் நிற்க முழங்கை ஆழத்துக்கும் கீழே அடித்து இறக்க வேண்டும். ஆமை முட்டையிடுவதும் ஏறக்குறைய அதே ஆழத்தில்தான். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு காலை, அவர் நாற்காலிகளைத் தடத்தின் மேலேயே தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்விட்டார். விசிலக்கா நகராட்சிக்கு எழுதிப் போட்டு அவருக்கு நோட்டீஸ் வாங்கிக் கொடுத்தாள். அதோடு விட்டாளா? "ஆமைத் தடத்தை மிதிக்காதீர்கள், அழிக்காதீர்கள்" என்று பலகையில் ஆறாவதாக ஒரு வரியைச் சேர்க்க வைத்தாள். தடம் இருந்தால்தான் முட்டை இருக்குமிடம் தெரியும், தடம் போனால் எல்லாம் போயிற்று என்று அவர் முகத்துக்கு நேரே விளக்கமும் சொன்னாள். அன்றிலிருந்து இருவரும் பேசிக்கொள்வார்கள், ஆனால் ஒருவர் தோளுக்கு மேலாக இன்னொருவர் கடலைப் பார்த்தபடி.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

நீண்ட விடுமுறை தொடங்குவதற்கு முந்தைய நாள் காலை. படிக்கட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில், குடைக்காரரின் முன்வரிசை வருகிற அதே இடத்தில், ஒரு தடம் ஏறியிருந்தது. சின்ன டிராக்டர் போனதுபோல அகலமாக, புத்தம் புதிதாக. ஏறிய ஆமை சரியான சந்தேகப் பிராணி. வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர்களைப் போல இங்கே கொஞ்சம் தோண்டிப் பார்த்து, பிடிக்காமல் நகர்ந்து அங்கே கொஞ்சம் தோண்டி, திரும்பி, சுற்றி, நாலு இடத்தில் மணலைக் கிளறிப் போட்டிருந்தது. அதில் ஒன்றில்தான் முட்டை. எது என்று தெரிய வேண்டுமானால் மணல் எந்தப் பக்கம் வீசப்பட்டிருக்கிறது, ஈரமணல் எங்கே மேலே வந்திருக்கிறது என்று நிதானமாகப் படிக்க வேண்டும். அவளுக்கு அது தெரியும். அதற்கு முன்னால், மொத்த இடத்தையும் வளைத்துக் குச்சி நட்டுவிட வேண்டும்.

குச்சி இல்லை. நகராட்சியின் கடற்கரை அலுவலகத்துக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில் கட்டி வைத்த கட்டைக் காணோம். தேடினால், முந்தின நாள் சாயங்காலம் பந்து விளையாடியவர்கள் ஆடுகளத்துக்கு எல்லை போட அதை எடுத்துப் போய், கடற்கரையின் அந்தக் கோடி வரை அங்கொன்றும் இங்கொன்றுமாக ஊன்றி வைத்திருந்தார்கள். "பூட்டியா வச்சிருந்தீங்க? சும்மாதானே கெடந்துச்சு" என்று நாளைக்குக் கேட்பார்கள், அதுவும் அவளுக்குத் தெரியும். வாய்க்குள் திட்டியபடியே ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு திரும்பி வர இருபது நிமிஷம் ஆனது.

வந்து பார்த்தால் தடத்தின் மேல் ஒரு குடும்பமே நின்றுகொண்டிருந்தது. ஒருவர் தன் செருப்பைத் தடத்துக்குப் பக்கத்தில் வைத்து, அளவு தெரியும்படி படம் எடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய மாமியார் கிளறிய பள்ளத்தில் காலை வைத்து, "சில்லுனு இருக்கு, நீங்களும் வச்சுப் பாருங்க" என்று மற்றவர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். விசிலக்காவுக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. விசிலை எடுத்து ஊதினாள், மூச்சு முட்டுகிற வரை ஊதினாள். அந்தச் சத்தத்தில், அதுவரை எதையும் கவனிக்காமல் நடந்துகொண்டிருந்தவர்களும் என்னமோ ஏதோவென்று ஓடி வந்தார்கள். இதற்குள் செருப்புக்காரர் படத்தைத் தான் தங்கியிருந்த ஹோட்டலில் இருந்தவர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டார் போலும், சாலையில் ஒரு வேன் வந்து நின்று கதவைத் திறந்தது. அதிலிருந்து இறங்கியவர்கள் எல்லோர் கையிலும் போன்.

"இதையே புடிச்சுக்கிட்டுப் போனா முட்டை கெடைக்குமாம்!" என்று வேனிலிருந்து இறங்கிய ஒருவர் கத்தினார்.

முட்டை கிடைக்குமாம். அந்த ஒரு வார்த்தையில் அவளுக்குள் ஏதோ அறுந்துவிட்டது. இந்த ஜனங்களுக்கு இனி எதுவும் சொல்லிப் பயனில்லை, கண்ணுக்குத் தெரிந்தால்தானே வருகிறார்கள், தெரியாமலே செய்துவிடுகிறேன் என்று, கையிலிருந்த குச்சிகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, குப்பை வாருவதற்கு வைத்திருந்த நீளப் பல் வாரியை எடுத்தாள். தண்ணீரோரத்தில் தொடங்கி மேலே வரை ஒரே இழுப்பு. ஏறிய தடம், இறங்கிய தடம், சுற்றிய தடம், கிளறிய பள்ளம் நாலும், எல்லாவற்றையும் சரசரவென்று வாரி மட்டமாக்கினாள்.

"இங்க ஒண்ணுமே இல்ல! என்ன இருக்கு? மணல் இருக்கு! போங்க, போய்க் குளிங்க!"

மணலை மட்டும் நின்று பார்க்க யாருக்குப் பொறுமை? கலைந்து போனார்கள். வேன்காரர்கள் அலையோரத்தில் நின்று நாலு படம் எடுத்துக்கொண்டு காலை உணவுக்குப் புறப்பட்டார்கள். வாரியை ஊன்றிக்கொண்டு நின்ற விசிலக்காவுக்கு அப்படி ஒரு வெற்றிக் களிப்பு. பதினொரு வருஷத்தில் ஒரே சமயத்தில் இத்தனை பேரை விரட்டியதே இல்லை. அந்தக் களிப்பு இரண்டு நிமிஷம் நீடித்தது என்று சொன்னால் அதுவே அதிகம்.

"ஆமை ஏறியிருக்காமே? எங்கக்கா?"

பின்னால் குடைக்காரர் நின்றார். அவள் திரும்பி மணலைப் பார்த்தாள். பூசி முடித்த சுவர் மாதிரி கிடந்தது. ஒரு கோடு இல்லை, ஒரு மேடு இல்லை. ஏறக்குறைய முப்பது எட்டு வைத்து நடக்கிற நீளத்துக்கு எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரி. அந்த மணலுக்குக் கீழே எங்கேயோ நூறு முட்டைகள் இருந்தன. எங்கே என்று தெரிந்திருக்க வேண்டிய ஒரே ஆளுக்கும் இப்போது தெரியாது.

"நாளைக்கு முன்வரிசை போடணும். எந்த எடம்னு காமிச்சிட்டீங்கன்னா, அதை விட்டுட்டு ஊனிக்குவேன். அப்புறம் நோட்டீஸ் அது இதுன்னு எழுதாதீங்க" என்றார் அவர். குரலில் குத்தல் இருந்தது, ஆனால் கேட்டது நியாயமான கேள்வி.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நாலெழுத்து வார்த்தை. ஆனால் யாரிடம் சொல்வது? ஆறாவது வரியை யாருக்காக எழுத வைத்தாளோ அவரிடமா? கீழே கிடந்த குச்சிகளில் நாலைப் பொறுக்கினாள், மணலின் நடுவாக்கில், மனதுக்குத் தோன்றிய ஒரு இடத்தில் ஊன்றினாள். நாடாவும் கட்டினாள்.

"இதான்."

"அவ்வளவுதானே? நாலு பக்கமும் ரெண்டு எட்டு தள்ளியே ஊனச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு அவர் போனார். அப்பேர்ப்பட்ட சண்டைக்காரர் அன்றைக்கென்று ஒத்துழைத்ததுதான் தாங்க முடியவில்லை. இனி மீதி இடம் முழுக்க அவர் தைரியமாகக் கம்பு இறக்குவார். அவள் சொன்னதை நம்பி இறக்குவார்.

மத்தியானம் வீட்டுக்குப் போனாள். முன்னறையில் கால் வைக்க இடமில்லை, கட்டிலிலிருந்து கதவு வரை நீலமும் வெள்ளையுமாகத் துணி குவிந்து கிடந்தது. மிஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"என்னங்க இது?"

"குடைக்காரரோட முன்வரிசை. பன்னெண்டும் ஓரம் கிழிஞ்சு போச்சாம், நாளைக் காலைல வேணும்னு குடுத்துட்டுப் போனார். ஏழு முடிச்சிட்டேன். சாப்பாடு மூடி வச்சிருக்கேன், போய்ச் சாப்பிடு."

அவள் சாப்பிடப் போகவில்லை. துணிக் குவியலின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்காரர் ஒரு தையல் ஓட்டி முடிக்கிறவரை பார்த்தார், பிறகு மிஷினை நிறுத்தினார். இருபத்தெட்டு வருஷத்தில் அவள் பேசாமல் உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை.

"யார் கூட சண்டை?"

"யார் கூடவும் இல்ல."

"அப்ப உடம்புக்கு ஏதோ ஆயிடுச்சு."

அவள் சொன்னாள். பந்து விளையாடியவர்களிலிருந்து தொடங்கி, மாமியாரின் காலை வர்ணித்து, வேன்காரர்களை ஏகத்துக்கும் திட்டி, சுற்றி வளைத்துச் சொன்னாள். வாரியை எடுத்த இடம் வந்ததும் அவள் குரல் இறங்கியது. குச்சி ஊன்றியதை ஒரே வரியில் சொல்லி முடித்துக்கொண்டாள்.

"ஆக, முட்டை எங்க இருக்குன்னு உனக்குத் தெரியாது."

"தெரியாது."

"தெரியும்னு அவர்கிட்ட சொல்லியிருக்க."

"என்னை என்ன பண்ணச் சொல்றீங்க? அந்த ஆளு முன்னால போய் நின்னு, நான் அழிச்சிட்டேன்னு சொல்லச் சொல்றீங்களா? நாளைக்கு எவனாவது என் பேச்சக் கேப்பானா? டார்ச்ச அணைன்னா, நீ மொதல்ல தடத்த அழிக்காம இருன்னு சொல்ல மாட்டான்?"

"இப்ப மட்டும் யாரு கேக்கறாங்க?" என்றார் அவர், வெகு சாதாரணமாக. பிறகு எட்டாவது குடைத் துணியை மிஷினில் வைத்து, ஊசியை இறக்காமல் அவளைப் பார்த்தார். "எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. தைக்கட்டுமா, வேண்டாமா?"

கோபம் வந்தது அவளுக்கு. மனுஷன் ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னால்தான் என்ன? எழுந்து, தைத்து முடித்த ஏழு துணிகளையும் மார்போடு சேர்த்து அள்ளிக்கொண்டு, கதவைக் காலால் தள்ளிச் சாத்திவிட்டு இறங்கினாள். பகலிலும் வெளிச்சம் எட்டாத படியில் அவளுக்கும் ஒரு தடவை கால் தடுக்கியது.

குடைக்காரரின் கிடங்கு தெருக்கோடியில் இருந்தது. அவர் கம்புகளை வரிசையாகச் சாய்த்து வைத்து, துரு தேய்த்துக்கொண்டிருந்தார். மணலில் சுலபமாக இறங்க வேண்டும் என்று ஒவ்வொன்றின் முனையும் கூராக இருந்தது. அந்த முனைகளைப் பார்த்த பிறகு அவளால் முன்னுரை எதுவும் சொல்ல முடியவில்லை.

"தம்பி, நான் காமிச்ச எடத்துல முட்டை இல்ல. இருக்கலாம், இல்லாமயும் போகலாம். எனக்குத் தெரியாது. தடத்தை நான்தான் வாரி அழிச்சேன். குச்சி சும்மா ஊனினது."

அவர் தேய்ப்பதை நிறுத்தினார். சிரிப்பார் என்று நினைத்தாள், சிரித்தால் பதிலுக்குச் சண்டை போடலாம் என்று தயாராகவும் இருந்தாள். அவர் சிரிக்கவில்லை.

"ஆறாவது வரிதானேக்கா?" என்றார்.

"ஆமா."

"எவ்வளவு எடம்?"

"உங்க முன்வரிசை முழுக்க."

"எத்தனை நாளைக்கு?"

"அம்பது, அம்பத்தஞ்சு. அறுபது கூட ஆகலாம்."

துரு தேய்த்த கந்தலை அவர் கம்புகள் மேல் விசிறியடித்தார். ஒரு கம்பு சரிந்து, அது இன்னொன்றைத் தள்ள, பன்னிரண்டும் தடதடவென்று விழுந்தன. "விடுமுறை பூரா போச்சு! முழுசா போச்சு! நான் ரெண்டு நாற்காலி இழுத்ததுக்கு என்னைக் கொலைகாரன் மாதிரி எழுதினீங்களே, இப்ப உங்களுக்கு நோட்டீஸ் யார் குடுக்கறது?"

"நானே எழுதிக் குடுத்துட்டேன்" என்றாள் அவள். அது பொய். இன்னும் எழுதியிருக்கவில்லை. ஆனால் அங்கிருந்து நேரே அலுவலகத்துக்குப் போய் எழுதினாள், எழுதி முடித்துக் கணக்கெடுப்பு அதிகாரிக்கும் போன் போட்டாள்.

அதிகாரி அன்று சாயங்காலமே வந்தார். வெயிலில் காய்ந்த, எதற்கும் ஆச்சரியப்படாத மனிதர். முட்டி போட்டு உட்கார்ந்து உள்ளங்கையால் மணலை அங்கங்கே அழுத்திப் பார்த்தார். ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். கம்பி விட்டுத் துழாவினால் முட்டை உடையும், அதனால் வேண்டாம், முழு இடத்தையும் கட்டுங்கள் என்றார். படிவத்தை நீட்டி, "தடம் கலைஞ்சதுக்குக் காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. எல்லாரும் பொதுமக்கள்னு எழுதுவாங்க. நீங்களும் எழுதிக்கலாம்" என்றார். மூன்று நாளில் யாருக்கும் நினைவிருக்காது என்கிற மாதிரி சொன்னார். அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. அந்த மாமியாரின் கால் கண்முன் வந்து வந்து போனது. கடைசியில் "காவலாளி" என்று எழுதிக் கொடுத்தாள். அடுத்த வாரமே நகராட்சியிலிருந்து ஒரு கண்டனக் கடிதம் வந்தது.

அதற்குப் பிறகு ஐம்பது சொச்ச நாள் அவள் பட்ட பாடு இருக்கிறதே! கடற்கரையின் நல்ல இடம் முழுவதையும் நாடா கட்டி மறித்திருந்தால் வருகிறவர்கள் சும்மா இருப்பார்களா? ஒவ்வொருவரும் வந்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள். இவ்வளவு இடமும் எதுக்கு, முட்டை எங்கே இருக்கிறது? ஒவ்வொருவரிடமும் அவள் ஒரே பதிலைச் சொல்ல வேண்டியிருந்தது.

"தெரியாதுங்க. நான்தான் தடத்தை அழிச்சிட்டேன்."

முதல் நாள் அதைச் சொல்வதற்குள் நாக்கு தடித்துப் போனது. பத்தாவது நாள் அரைத் தூக்கத்திலும் வந்தது. முப்பதாவது நாள், கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டாள். அதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், ஜனங்கள் கேட்டார்கள். கேள்வி கேட்டார்கள் என்று சொல்லவில்லை, சொன்ன பேச்சைக் கேட்டார்கள். பதினொரு வருஷம் விசில் ஊதியும் அதட்டியும் நகராதவர்கள், அவள் அழித்துவிட்டேன் என்று சொன்னதும், அச்சச்சோ என்று இரண்டடி பின்னால் வைத்தார்கள். ஒரு தகப்பன், தானே குழியை மூடிவிட்டு, பக்கத்துக் குடும்பத்தின் குழியையும் மூடினார். இத்தனை நாள் நியாயமாகப் பேசியதற்கு மதிப்பில்லை, முட்டாள்தனம் செய்தால் மதிப்பா? அதை வீட்டில் வந்து சொல்லி மூன்று நாள் பொருமினாள். "இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா வருஷத்துக்கு ஒரு தப்பு பண்ணியிருக்கலாம்" என்றார் வீட்டுக்காரர்.

குடைக்காரர் பன்னிரண்டு குடைகளையும் பின்வரிசைக்குத் தள்ளி நெருக்கியடித்துப் போட்டார். வாடிக்கையாளர்கள் முணுமுணுத்தால், "என்கிட்ட கேக்காதீங்க, அந்தம்மாகிட்ட போய்க் கேளுங்க" என்று விரலால் காட்டினார். தினமும் காட்டினார். ஆனால் ஒரு நாள்கூட நாடாவைத் தாண்டி ஒரு நாற்காலி கால் உள்ளே வரவில்லை. சாயங்காலம் தன் ஆட்கள் நாற்காலிகளை எடுத்து அடுக்கிய பிறகு, மணலில் எதுவும் விட்டுப்போயிருக்கிறதா என்று அவரே ஒரு நடை நடந்து பார்ப்பதை அவள் கவனித்தாள். கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஐம்பது கடந்தது. ஐம்பத்தைந்து கடந்தது. காலையில் குஞ்சுகளின் தடங்கள் இல்லை. ஐம்பத்தெட்டாம் நாள் அவள் சாப்பிடவில்லை. எல்லாம் வாரியில் போயிருக்கும், அந்த மாமியாரின் காலில் போயிருக்கும், இல்லை, முட்டையே இடாமல் போன ஆமையாக இருக்கும் என்று மாற்றி மாற்றி நினைத்தாள். கடைசியாக நினைத்ததை நம்பத்தான் மனம் ஆசைப்பட்டது. அப்படி இருந்தால் இத்தனை பேரிடம் சொன்னதெல்லாம் வீண், ஆனாலும் பரவாயில்லை என்று தோன்றிவிட்டது.

ஐம்பத்தொன்பதாம் நாள் விடியும்போது படிக்கட்டில் இறங்கி, அன்றைக்குப் பலகையில் தொங்கிய துண்டுகளை உருவக்கூட மனமில்லாமல், குனிந்த தலையோடு வேகமாக நாடாவை நோக்கி நடந்தாள்.

"நில்லுங்க! அங்கயே நில்லுங்க! காலை எடுக்காதீங்க!"

குடைக்காரர். நாடாவுக்கு அந்தப் பக்கம், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார். இப்படி ஒரு அதட்டலை அவள் வாழ்க்கையில் யாரும் அவளை நோக்கி விட்டதில்லை. கோபம் சுள்ளென்று ஏறியது.

"என்ன தம்பி, யார்கிட்ட பேசறோம்னு..."

"கீழ பாருங்கக்கா! மிதிச்சிட்டு நிக்கறீங்க!"

பார்த்தாள். தன் இரண்டு கால்களுக்கும் நடுவில், கால்களுக்கு அந்தப் புறமும் இந்தப் புறமும், துணியில் அடையாளம் போடத் தையல்காரர்கள் உருட்டும் பல்சக்கரம் ஓடியதுபோல, நெருக்க நெருக்கமாகச் சின்னஞ்சிறு தடங்கள். பத்து அல்ல, இருபது அல்ல. எல்லாம் கடலைப் பார்த்து இறங்கியிருந்தன. தண்ணீர் தொடும் இடத்தில் எல்லாமே முடிந்திருந்தன. அவளுடைய இடது செருப்புக்கு அடியில் இரண்டு தடம் நசுங்கியிருந்தது. அவள் அசையவில்லை.

மெல்லத் தலையைத் திருப்பி, தடங்கள் எங்கிருந்து விரிகின்றன என்று தேடினாள். அவள் ஊன்றிய நாலு குச்சிகளிலிருந்து இல்லை. அங்கிருந்து பதினோரு எட்டு தள்ளி, மணல் உள்ளங்கையளவுக்குக் குழிந்திருந்தது. குடைக்காரர் அந்தக் குழிவைப் பார்த்தார், பிறகு பின்னால் போய்த் தன் பழைய வரிசையை ஒரு கண்ணை மூடி அளந்தார்.

"மூணாவது குடை" என்றார். "சரியா அந்த எடத்துலதான் இறக்குவேன்."

அன்றைக்கு அந்த ஏழு துணிகளையும் தூக்கிக்கொண்டு படி இறங்காமல் இருந்திருந்தால் என்று நினைத்ததும் அவளுக்கு அப்படியே உட்கார்ந்துவிடத் தோன்றியது. உட்காரவும் முடியாது, உட்கார்ந்தால் தடம் அழியும். நின்றபடியே நின்றாள்.

பிறகு சொன்னாள்: "அதிகாரி வந்து பாத்துட்டுப் போகட்டும். உங்க எடத்தை இன்னிக்கே காலி பண்ணிக் குடுத்துடறேன். நாளைக்கு ஊனிக்கோங்க."

"நாளைக்கா? எப்படிக்கா ஊனறது?" என்றார் அவர், சலிப்போடு. "உள்ள இன்னும் சோம்பேறி நாலஞ்சு கெடக்கும். மெதுவாத்தான் ஏறி வரும். மூணு நாளாவது விட வேணாமா? நாடா அப்படியே இருக்கட்டும்."

அது அவளுக்குத் தெரியாத விஷயமா? பதினொரு வருஷமாக அவள் அல்லவா எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்? அதைப் போய் இந்த மனுஷன் வாயால், அதுவும் இப்படிச் சலித்துக்கொண்டு சொல்லிக் கேட்க வேண்டியிருக்கிறதே என்று தாங்க முடியாத எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலோடேதான் அழுகையும் வந்தது. முகத்தைத் துடைக்கக் கையைத் தூக்கினால் காலும் நகர்ந்துவிடுமோ என்று பயந்து, துடைக்காமலே நின்றுகொண்டு, "சரி, மூணு நாள்" என்றாள்.